கமலைப் பாட்டும் பந்தய வண்டியும்

எனக்குப் பந்தய வண்டி ஓட்ட வராது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. சொல்லிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எனக்கு வந்தது கமலை இறைப்பு. திருவரங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அதில் என்னை மிஞ்ச அப்போது ஆள் கிடையாது. இதையும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். இருக்கிறதை இருக்கிறது என்று சொல்ல எதற்குக் கூச்சம்?

கமலையைப் பார்க்காதவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்று மேட்டில் ஒரு உருளை. அதன்மேல் தடித்த வடக்கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் தண்ணீர் மொள்ளுகிற சால். மறு நுனி மாட்டின் நுகத்தடியில். கிணற்றை ஒட்டி மாடு நடக்க ஒரு மண் சரிவு. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். இறங்கும்போது ஓட்டுகிறவன் கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் கனமும் சேர்ந்து இழுக்கும். தண்ணீர் கொட்டியானதும் மாடுகள் திரும்பக் கூடாது. முகம் அந்தப் பக்கமே இருக்க, அப்படியே பின்னால் நடந்து சரிவேறிக் கிணற்றடிக்கு வர வேண்டும். அப்போது சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். முன்னே நாற்பதடி, பின்னே நாற்பதடி. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை இதுதான்.

முன்னே எந்த மாடும் போகும். பின்னே வர வைக்கத்தான் வித்தை வேண்டும். சில பேர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். மாட்டுக்கு மூக்கு புண்ணாகும். சில பேர் தார்க்குச்சியால் குத்துவார்கள். அவர்களைக் கட்டி வைத்துக் குத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நான் பாடுவேன். சால் கொட்டுகிற சமயத்தில் இரண்டு வரி பாடி, கடைசியில் "ஏ... லே... லோ..." என்று ஒரு இழுப்பு இழுப்பேன். அந்த இழுப்பு காதில் விழுந்தால் போதும், என்னுடைய மாடுகள் மயிலையும் செவலையும் கயிற்றைத் தொடாமலே பின்னால் நடக்கும்.

ஊரில் மற்றவர்கள் கமலைப் பாட்டைப் பிள்ளையாரில் ஆரம்பிப்பார்கள். எனக்குச் சாமிப் பாட்டு வராது. எனக்குத் திட்டத்தான் வரும். என் கிணறு பாதையோரம் இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாரையும் பாட்டில் வைத்துத் திட்டுவேன். அறுப்புக் காலத்தில் சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் களத்துக்கு வருகிற மணியக்காரர் ஒருவர் இருந்தார். கையில் வெள்ளைக்குடை. அவரைப் பார்த்து ஒரு நாள் பாடினேன்.

"வெள்ளக் குடை புடிச்சு வேகாம வாராரு
வெளஞ்ச நெல்லப் பாக்கவா? வெந்த சோத்தப் பாக்கவா?
ஏ... லே... லோ..."

பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மணியக்காரர் அதற்குப் பிறகு வரப்பு வழியாகச் சுற்றிப் போனார். அவர் போனால் என்ன, எனக்குத்தான் பாடுவதற்கு ஆளா கிடைக்காது?

இந்த மாதிரி ஒருவனுக்கு ஒரு வித்தை கைவந்தால் அவன் பேசாமல் இருக்க வேண்டும். மனுஷன் இருக்க மாட்டான். கையில் இருப்பது அவனுக்குக் கண்ணில் தெரியாது. அடுத்தவன் கையில் இருப்பதுதான் பளபளவென்று தெரியும். எனக்குப் பளபளத்தது என் மச்சானுடைய பந்தய வண்டி.

மச்சான் என்றால் என் பெண்டாட்டிக்கு அண்ணன். பக்கத்து ஊர். நல்ல உயரம், நல்ல மீசை, நாலு ஜோடி மாடு. பங்குனியில் எங்கள் பக்கத்து அம்மன் கோவில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் வைப்பார்கள். கண்மாய்க்கரையில் புறப்பட்டு, சரளை ரோட்டில் இரண்டு மைல் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து மச்சான்தான் ஜெயித்தார். ஜெயித்தவருக்கு ஒரு பித்தளைக் குடமும் கரை போட்ட துண்டும். அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் மூன்று ஊரைச் சுற்றி வருவார். நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். வருஷத்தில் இருநூறு நாள் நான் தண்ணீர் இறைக்கிறேன், எனக்கு எவனாவது துண்டு போர்த்தினானா? அவர் வருஷத்துக்கு அரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறார். அதற்கு இந்த ஆட்டமா?

அந்த வண்டியை அவர் தொழுவத்தில் துணி போட்டு மூடி வைத்திருப்பார். ஒரே ஆள் உட்காரும் சின்ன வண்டி. சக்கரத்துக்குப் பச்சை வர்ணம், மாடு பூட்டுகிற ஏர்க்காலுக்குச் சிவப்பு. தினம் காலையில் துணியை எடுத்துத் துடைப்பார். அவர் பெண்டாட்டி ஒரு தடவை என்னிடமே சொன்னாள்: "அண்ணே, நான் மூணு நாளாக் காய்ச்சலாக் கெடந்தேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்த வண்டி மேல ஒரு கோழி ஏறிருச்சுன்னு ஊரையே கூட்டுனாரு."

தைப் பொங்கல் விருந்துக்கு நானும் என் பெண்டாட்டியும் அங்கே போயிருந்தோம். இலையில் உட்கார்ந்திருக்கும்போது மச்சான் பந்தயப் பேச்சை ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"வருசம் வருசம் நீங்களே ஓடி நீங்களே ஜெயிக்கிறீங்க மச்சான். எதிர்ல சரியான மாடு ஓடுனால்ல தெரியும்" என்றேன்.

"சரியான மாடு எங்கிட்டு இருக்கு மாப்ள?"

"என் தொழுவத்துல இருக்கு."

மச்சான் கையிலெடுத்த சோற்றை இலையில் போட்டுவிட்டுச் சிரித்தார். "கெணத்து மாடா? மாப்ள, அது நாப்பதடி போனா நின்னு தண்ணி கேக்குமுங்க!"

"நாலு மைல் ஓடும். ஓடுனா என்ன தாரீங்க?"

"ஜெயிச்சிருங்க, அந்த வண்டியவே தாரேன். தோத்தா?"

"தோத்தா கோடையில ரெண்டு மாசம் ஒங்க மொளகாத் தோட்டத்துக்கு நானே வந்து எறச்சு ஊத்துறேன். என் மாடு, என் ஒடம்பு."

அடுப்படியிலிருந்து என் பெண்டாட்டி குரல் கொடுத்தாள்: "ஒங்க ரெண்டு பேருக்கும் உப்பில்லாமப் போட்டிருக்கணும். உப்புப் போட்டது எங்க தப்பு."

யாரும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பந்தயம் முடிவாகிவிட்டது.

இரண்டு மாதம் பழக்கினேன். சாமான் ஏற்றும் வண்டி ஒன்றை இரவல் வாங்கி, அதன் கூட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளி முளைக்கிற நேரத்தில் சரளை ரோட்டுக்கு ஓட்டிப் போவேன். ஊர் விழிக்கும் முன் திரும்பிவிடுவேன். யாராவது பார்த்துக் கேலி பண்ணிவிடுவார்களோ என்ற பயம். அதனால் வாயே திறக்க மாட்டேன். ஹை என்றுகூடச் சொன்னதில்லை. காலால் தட்டுவேன், வாலை முறுக்குவேன், அவ்வளவுதான். மாடுகள் பிரமாதமாக ஓடின. மயிலை கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் இது இத்தனை நாள் கிணற்றடியில் கிடந்ததே என்று எனக்கே ஆத்திரம் வந்தது. நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அப்போது தெரியவில்லை.

பந்தயத்தன்று ஏழு வண்டிகள். கண்மாய்க்கரை முழுக்க ஜனம். மரத்தில் ஏறினவன் எத்தனை, தண்ணீரில் இறங்கி நின்றவன் எத்தனை. கொட்டு அடித்ததும் விட்டோம்.

போகிறபோது நான் ஐந்தாவது. மச்சான் முதல். இரண்டு மைல் கல்லில் திருப்பும்போது ஒருவன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அவன் நின்றுவிட்டான். நான் நாலாவது ஆனேன். வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் ஓட்டினேன். அரை மைல் வருவதற்குள் இன்னும் இரண்டு பேரைத் தாண்டினேன். பிறகு மச்சானும் நானும்தான். அவர் முதுகு தெரிந்தது. அப்புறம் காது தெரிந்தது. அப்புறம் மீசை தெரிந்தது. கரை ஏறும் இடத்தில் என் வண்டி அவர் வண்டியை ஒரு சக்கர அளவு முந்திவிட்டது. முடிவுக்கு இருநூறு அடிகூட இல்லை. ஜனங்கள் துண்டை வீசுகிறார்கள். என் பெண்டாட்டியே எழுந்து நின்று கத்துகிறாள், அண்ணனுக்கா புருஷனுக்கா என்று தெரியவில்லை.

அப்படியே போயிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் நாக்கு அரித்தது. மனதில் தானாக வரி வந்து விழுந்தது. விழுந்த வரியை என்னால் விழுங்க முடியாது, அது என் சுபாவம். பாடிவிட்டேன்.

"மூணு வருசம் முன்ன போன மச்சானைக் காணலையே
முதுகுக்குப் பின்னால முக்குறது ஆரு சொல்லு
ஏ... லே... லோ..."

மயிலையும் செவலையும் நின்றன. சும்மா நிற்கவில்லை. முன்கால்களை ஊன்றி, கிணற்றடியில் எப்படியோ அப்படியே, நிதானமாகப் பின்னால் நடக்க ஆரம்பித்தன.

மச்சான் என்னை உரசிக்கொண்டு போனார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கத்துகிறேன், வாலை முறுக்குகிறேன், காலால் உதைக்கிறேன். அவை கேட்கவில்லை. பாட்டுக்குக் கட்டுப்பட்ட மாடுகள். நாற்பதடி பின்னால் வந்ததும் நின்றன. நான் கயிற்றில் ஏறி உட்காருவேன் என்று காத்திருந்தன. பிறகு தாமாகவே முன்னே நாற்பதடி நடந்தன. மறுபடி நின்று, அடுத்த பாட்டுக்குக் காதைத் திருப்பின. அதற்குள் மற்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. பள்ளத்தில் இறங்கினவன்கூட வண்டியைத் தூக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

கரையிலிருந்து ஒரு கிழவி கூவினாள்: "சாலு ரொம்பிருச்சா பாரு அப்பு!"

அவ்வளவுதான். ஜனம் விழுந்து புரண்டது. கொட்டு அடிக்கிறவன் கொட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். மரத்திலிருந்து ஒருவன் தண்ணீரில் விழுந்தான். என் பெண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிப்புத்தான்.

சித்திரை முதல் வாரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு மச்சானுடைய தோட்டத்துக்குப் போனேன். சொன்ன சொல் சொன்னதுதான். கிணற்றடியில் மச்சான் நின்றிருந்தார். தோளில் அந்தக் கரைத்துண்டு.

"வாங்க மாப்ள. ஒண்ணே ஒண்ணு. இங்கிட்டு பத்துப் பன்னண்டு பொம்பளைக வேலை பாக்குறாங்க. ஒங்க பாட்டு மட்டும் வேண்டாம்" என்றார்.

"பாட்டு இல்லாமயா?"

"ஆமாங்க. வாயைத் தச்சுக்கிட்டு எறைங்க."

சரி என்றேன். எனக்கும் கோபம். முதல் நாள் மாடுகள் சரிவில் இறங்கின, சாலைக் கொட்டின, நின்றன. பின்னால் வா என்றால் வரவில்லை. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பார்த்தேன், மாடு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போயிற்று. தலையில் கை வைத்துத் தள்ளினேன். நான் ஒரு மாட்டைத் தள்ளினால் இன்னொன்று முன்னே போகிறது. முப்பது சால் இறைக்கிற நேரத்தில் ஆறு சால் இறைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. சித்திரை வெயில். மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

மூன்றாம் நாள் மச்சான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாப்ள, வாய்க்கால்ல எறும்பு ஊர்வலம் போகுது? தண்ணி எங்க?"

"பாட்டில்லாமப் பின்ன வராது மச்சான். ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

"ஒரு சாமி பாட்டாப் பாடுங்களேன்."

"தெரியாது."

"பிள்ளையார் பாட்டு ஒண்ணுகூடவா தெரியாது?"

"அதெல்லாம் தெரிஞ்சிருந்தா நான் ஏன் ஒங்க வீட்டுல பொண்ணு எடுக்குறேன்?"

அவர் மிளகாய்ச் செடியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வேலை செய்கிற பெண்களைப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் குனிந்து களை எடுக்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாடித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் முதுகு மறைவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் இருந்த இருப்பை மகாராஜா இருந்திருக்க மாட்டார். மிளகாய் செழித்தது. அந்த ஒரு மனுஷனைப் பற்றி மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பாட்டுப் பாடினேன். விஷயம் தீர்ந்துபோகுமே என்று எனக்குப் பயம். தீரவில்லை. அவர் பெண்டாட்டியே கஞ்சிக் கலயத்தோடு விஷயமும் கொண்டு வந்து கொடுத்தாள்.

"அண்ணே, பல்லின்னா பயம் அவருக்கு. முந்தாநாள் செவத்துல பல்லியப் பாத்துட்டு வாசல்ல போயிப் படுத்தாரு. நான் சொன்னதாச் சொல்லாதீங்க."

அரை மணி நேரத்தில் பல்லி பாட்டுக்கு வந்துவிட்டது. பெண்கள் "ஏ... லே... லோ..." வைத் தாங்களே வாங்கிப் பாட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பேர் ஒன்றாக இழுத்தால் மாடுகள் பின்னால் பறந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தங்கள் வேலையாட்கள் இங்கே வந்து நிற்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு சங்கதியும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களில் கரைத்துண்டும் குடமும் என் நினைவுக்கே வரவில்லை. அந்தப் பச்சைச் சக்கரம் மட்டும் அவ்வப்போது வந்தது.

ஒரு நாள் வெயில் ஏறி மாடுகளை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் வந்து வாய்க்கால் ஓரத்தில் குந்தினார். பிறகு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஜெயிச்சது நான். அது ஒங்களுக்கு நெனப்பிருக்கா மாப்ள?"

"இருக்கு."

"ஒங்களுக்கு இருக்கு. ஊர்ல ஒருத்தனுக்கு இல்ல. நேத்து சந்தைக்குப் போனேன். பந்தயத்துல ஓடுனது நீதானேன்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னேன். பின்னால போன மாடு எந்த ஊர் மாடுன்னு கேக்குறான். ஜெயிச்சது ஆருன்னு கேக்கல. நாலு வருசத்துல இந்த வருசந்தான் நான் செத்துப் பொழச்சு ஓட்டுனேன். இந்த வருசம்பாத்து ஒருத்தனும் என்னையப் பாக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அழுகிற நிலையில் இருந்தார்.

"நானும் காலைல யாருமில்லாதப்ப கமலைல நின்னு பாடிப் பாத்தேன்" என்றார் மெதுவாக. "மாடு படுத்துக்கிருச்சு."

"மச்சான்..."

"ஒரு பாட்டுப் பாடுங்க. நான் ஜெயிச்சேன்னு அதுல வரணும். அந்தப் பொம்பளைக அதப் பாடணும். பாடுனா, அந்த வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. நான் வேற செஞ்சுக்குறேன்."

வண்டி. சிவப்பு ஏர்க்கால், பச்சைச் சக்கரம். இரண்டு வரிப் பாட்டுக்கு. எனக்குத் தினம் நாற்பது வருகிறது, ஒன்று வராதா?

வரவில்லை. மறுநாள் காலையில் புகழ்ந்து ஒன்று பாடினேன். சிங்கம் என்று வந்தது, சூரியன் என்று வந்தது. பாடி முடித்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

அடுத்த நாள் யானை என்று பாடினேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். "ஏ... லே... லோ..." வை ஒருத்தியும் வாங்கவில்லை. மூன்றாம் நாள் நான் பாடிய பாட்டை எழுதக்கூட மாட்டேன், அவ்வளவு கேவலம். மூன்று நாளும் மச்சான் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு என் மேலேயே ஆத்திரம். ஒரு மனுஷனை நல்லவிதமாக இரண்டு வரி சொல்லத் துப்பில்லையா? துப்பில்லைதான். வித்தை என்பது நாம் சொல்கிற பக்கம் திரும்பாது. என் வித்தை திட்டுகிற பக்கம் மட்டும் ஓடுகிற வித்தை. அதைத் திருப்பினால் படுத்துக்கொள்கிறது.

நாலாம் நாள் வண்டியை மனதை விட்டுத் தள்ளினேன். நாசமாகப் போகட்டும் என்று, நடந்ததை நடந்தபடி பாடினேன்.

"ஜெயிச்சு வந்த மச்சானும் கொடத்தத் தூக்கி நின்னாரு
பின்னாடி போன மாட்டப் பாக்க ஊரே போயிருச்சு
கொடத்துக்குள்ள எட்டிப் பாத்தா மச்சான் மட்டும் இருந்தாரு
ஏ... லே... லோ..."

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். உடனே வாங்கிப் பாடினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மாடுகள் முன்னும் பின்னும் போகப் போகப் பாடிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மச்சான் நினைவு வந்து வேலிப் பக்கம் பார்த்தேன். செத்தோம் என்று நினைத்தேன். அவர் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். மீசை ஆடியது. என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஜெயிச்சு வந்தன்னு வருதுல்ல? போதும் மாப்ள, போதும்" என்றார். "இந்தப் பாட்டு நாளைக்குச் சந்தைக்குப் போயிரும்."

போயிற்று. ஒரு வாரத்தில் திருவரங்குளம் சந்தையில் அவரைப் பார்த்தவர்கள் "ஜெயிச்சு வந்த மச்சானே, வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு சுற்று பருத்துவிட்டார். இரண்டு மாதம் முடிந்ததும் வண்டியை அவரே கொண்டு வந்து என் வீட்டு வாசலில் விட்டார். கமலையே பார்க்காத ஒரு ஜோடி மாட்டையும் திருவிழாவரைக்கும் இரவல் கொடுத்தார். என் பெண்டாட்டி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத நான் தொடைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

இன்றைக்குச் சில பேர் கமலையைப் பற்றிப் பேசும்போது உருகுகிறார்கள். உருகுகிறவர்களை ஒரு நாள் அந்தக் கயிற்றின்மேல் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் காய்த்த இடம் இன்னும் காய்த்துத்தான் இருக்கிறது. யுத்தம் முடிந்து சில வருஷத்தில் மச்சான் ஆயில் எஞ்சின் வாங்கினார். நான் அதற்கு அடுத்த வருஷமே வாங்கினேன். சந்தோஷமாகத்தான் வாங்கினேன். எஞ்சினுக்கு முன்னால் நின்று திட்டிப் பாடினால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அது ஒன்றுதான் குறை.

அதெல்லாம் பிறகு. அடுத்த பங்குனியில் நான் பச்சைச் சக்கர வண்டியில் ஏறினேன். எட்டு வண்டிகள். வாயைத் திறக்கவில்லை. மாடுகள் ஒழுங்காக ஓடின, ஒழுங்காகத் திரும்பின. மச்சான் புது வண்டியில் இரண்டாவதாக வந்தார். நான் நாலாவது. கண்ட கனவு பலித்துவிட்டது. பந்தய வண்டியில் உட்கார்ந்து, நின்றுவிடாமல், கவிழாமல், மரியாதையாக நாலாவது வந்தேன். இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பழக்கடைக்காரன் "கொஞ்சம் அங்கிட்டு நகருங்க, வண்டி மறைக்குது" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண்டாட்டி கேட்டாள்: "என்னாச்சு?"

"நாலாவது."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போனாள். அவள் பந்தயத்துக்கு வந்திருந்தாள். கரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் என் கிணற்றடியில் மயிலையையும் செவலையையும் பூட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில் பெண்கள் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் திருவிழாவுக்கு வந்திருந்தவர்கள்தான். ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, நேத்துப் பந்தயத்துல நீங்களும் ஓடுனீங்களாமே, நெசமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கயிற்றில் ஏறி உட்கார்ந்தேன். மாடுகள் இறங்கின. சால் கொட்டியது. யாரைத் திட்டலாம் என்று பார்த்தேன். பாதையில் ஆள் இல்லை. அதனால் என்னையே திட்டினேன்.

"நாலாவதா வந்தவன நாடு பாக்கலையாம்
நாலு காலு மாட்டுக்கும் நடந்தது நெனவில்லையாம்
பொண்டாட்டி பாத்தாளாம், தூங்கித்தான் போனாளாம்
ஏ... லே... லோ..."

பெண்கள் கடலையைக் கொட்டிவிட்டுச் சிரித்தார்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து என் பெண்டாட்டி, "நான் ஒண்ணும் தூங்கல" என்று கத்தினாள். அதற்கும் ஒரு சிரிப்பு. மாடுகள் பின்னால் நடந்து வந்து நின்றன. சால் தண்ணீருக்குள் தொப்பென்று இறங்கியது. அன்றைக்கு வழக்கத்தைவிட எண்பது சால் அதிகம் இறைத்தேன். கோபத்தில்தான்.